மேட்டர்ஹார்ன்: கண்ணை ஏமாற்றிய மலை

ஆல்ப்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மேட்டர்ஹார்ன்தான். பக்கத்து மலைகள் எதோடும் ஒட்டாமல் தனியாக எழுந்து நிற்கும் அந்தக் கூர்மையான சிகரத்தை, பெயர் தெரியாதவர்கள்கூட பழைய டோப்லரோன் சாக்லேட் உறையில் பார்த்திருப்பார்கள். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவில் இருக்கிறது. இரு நாட்டு எல்லைக்கோடு அதன் உச்சி வழியாகவே போகிறது. உயரம் 4,478 மீட்டர். வடகிழக்கே சுவிஸ் ஊரான செர்மாட், தெற்கே இத்தாலிய ஊரான புரூய். இந்த இரண்டாவது ஊரை இன்று செர்வீனியா என்கிறார்கள்.

இதைவிட உயரமான சிகரங்கள் ஆல்ப்ஸில் பல உண்டு. 4,800 மீட்டரைத் தாண்டும் மோன் பிளாங்கில் 1786லேயே மனிதர்கள் ஏறிவிட்டார்கள். மேட்டர்ஹார்னுக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மோன்டே ரோசாவின் உச்சியான டூஃபூர்ஷ்பிட்சே 4,634 மீட்டர். அதில் 1855ல் ஏறினார்கள். மேட்டர்ஹார்ன் மட்டும் 1865 வரை யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. ஏன்?

ஏற முடியாது என்று பார்த்தவுடனேயே முடிவு கட்டிவிட்டார்கள் என்பது பதிலில் பாதி. மீதிப் பாதி அந்த மலையின் பாறை அடுக்குகளில் இருக்கிறது. அதனால் முதலில் பாறையைப் பார்த்துவிடுவோம். ஏறிய கதை அப்புறம்தான் சரியாகப் புரியும்.

சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் ஒரு கடல் விரிந்துகொண்டிருந்தது. பிறகு புவித்தட்டுகளின் நகர்வு திசை மாறியது. ஆப்பிரிக்காவோடு சேர்ந்திருந்த ஏட்ரியா என்ற சிறு தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஐரோப்பாவை நெருக்கியது. நடுவிலிருந்த கடல் மூடிக்கொண்டது. கடலடிப் பாறையின் பெரும்பகுதி கீழே அமிழ்ந்து போக, ஒரு பகுதி மட்டும் நசுங்கி மேலே ஏறிவந்தது. அதற்கும் மேலே ஏட்ரியாவின் கண்டப்பாறை வந்து படிந்தது. மேட்டர்ஹார்னின் அடிப்பகுதியில் இருப்பது அந்தப் பழைய கடலின் பாறை. சுமார் 3,400 மீட்டருக்கு மேலே இருப்பது ஏட்ரியாவிலிருந்து வந்த நைஸ் என்ற உருமாறிய பாறை. மேட்டர்ஹார்னின் உச்சி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதற்கு அடிப்படை இதுதான். ஏட்ரியா என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஆனாலும் ஒரே மலையில் ஏறும்போது பழைய கடலின் தரையைத் தாண்டி இன்னொரு கண்டத்தின் மேல் கால் வைக்கிறோம் என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறையாத விஷயம்.

இத்தனை கூர்மை வந்தது வேறு காரணத்தால். அதைச் செய்தது பனியாறு. மலையின் ஒரு பக்கத்தில் பனி தேங்கி இறுகிப் பனியாறாகும்போது, அது அடியிலும் பின்சுவரிலும் பாறையை அரித்து, ஒரு பெரிய கிண்ணப் பள்ளத்தை உண்டாக்கும். விரிசலுக்குள் போகும் நீர் உறைந்து விரிவதால் சுவரிலிருந்து கற்கள் பெயர்ந்துகொண்டே இருக்கும். பனியாறு அவற்றை அள்ளிக்கொண்டு போகும். ஒரே மலையின் பல பக்கங்களிலும் இது நடந்தால் பள்ளங்கள் பின்னோக்கி நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் மிஞ்சுவது ஒரு கூர்ச்சிகரம். பனியுகங்களில் மேட்டர்ஹார்னுக்கு நடந்தது இதுவே. புவியியல் பாடப்புத்தகங்களில் கூர்ச்சிகரத்துக்கு முதல் உதாரணமாக இந்த மலையைத்தான் காட்டுவார்கள்.

அப்படி மிஞ்சிய உருவத்துக்கு நான்கு பக்கங்கள், நான்கு முகடுகள். பக்கங்கள் ஏறக்குறைய நான்கு திசைகளையும் பார்க்கின்றன. அவை சந்திக்கும் விளிம்புகளே முகடுகள். வடகிழக்கில் ஹெர்ன்லி, வடமேற்கில் ஸ்முட், தென்கிழக்கில் ஃபுர்கன், தென்மேற்கில் லயன். செர்மாட்டிலிருந்து எடுத்த படம் கையில் இருந்தால் பாருங்கள். நம்மை நோக்கி இறங்கிவரும் விளிம்பு ஹெர்ன்லி. அதற்கு இடப்புறம் கிழக்குப் பக்கம், வலப்புறம் நிழல் விழுந்து கிடப்பது வடக்குச் சுவர். இந்த நான்கு பெயர்களை மனதில் வைத்துக்கொண்டால் மேட்டர்ஹார்னைப் பற்றி எதைப் படித்தாலும் குழப்பம் வராது.

1850களிலும் 60களிலும் ஆல்ப்ஸின் பெரிய சிகரங்களில் ஒவ்வொன்றாக மனிதர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறியவர்களில் பெரும்பாலோர் வசதியான ஆங்கிலேயர்கள். கூடப் போய் வழிகாட்டியவர்கள் அந்தந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள், வேட்டைக்காரர்கள். மேட்டர்ஹார்னுக்கு முயன்றவர்கள் பெரும்பாலும் இத்தாலியப் பக்கம்தான் போனார்கள். செர்மாட்டிலிருந்து பார்த்தால் கிழக்குப் பக்கம் நெட்டுக்குத்தாகத் தெரிகிறது. லயன் முகடோ பார்வைக்குப் படிப்படியாக, ஏறக்கூடியதாக இருக்கிறது. லிவர்பூலைச் சேர்ந்த பார்க்கர் சகோதரர்கள் 1860ல் வழிகாட்டி இல்லாமலேயே செர்மாட் பக்கம் முயன்றார்கள். பாதி வழியில் திரும்பிய அவர்களைப் பார்த்து வேறு யாரும் அந்தப் பக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லயன் முகட்டில் 1862ல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் 4,241 மீட்டர் வரை போய்விட்டார். ஒளிச்சிதறல் பாடத்தில் டிண்டால் விளைவு என்று படித்திருப்போமே, அவரேதான். அங்கே மலைத் தோள் முடிகிறது. உச்சிக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு வெட்டு. அதைத் தாண்ட முடியாமல் திரும்பினார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இந்த முயற்சிகளில் அடிக்கடி தென்படும் இரண்டு பேர் எட்வர்ட் விம்பரும் ழான் அந்துவான் கரேலும். விம்பர் லண்டனைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியர். ஆல்ப்ஸ் காட்சிகளை வரைந்துவர ஒரு பதிப்பாளர் அவரை 1860ல் அனுப்பினார். வரையப் போனவர் ஏற ஆரம்பித்துவிட்டார். 1861 முதல் மேட்டர்ஹார்னை அவர் விடவில்லை. 1862ல் தனியாக ஏறி இறங்கும்போது வழுக்கி, பனிச்சரிவில் சுமார் 60 மீட்டர் உருண்டு, தலையில் காயங்களோடு பிழைத்தார். கரேல் புரூய்க்குக் கீழே உள்ள வால்தூர்னான்ஷ் பள்ளத்தாக்குக்காரர், இத்தாலிய ஒருமைப்பாட்டுக்கான போரில் சண்டையிட்ட முன்னாள் படைவீரர். 1857லேயே இந்த மலையில் வழி தேடியவர். இது தன் பள்ளத்தாக்கின் மலை, இத்தாலியப் பக்கமிருந்துதான் ஏறவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இருவரும் சில முறை சேர்ந்து ஏறினார்கள், சில முறை ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர். ஒருவர் திறமை மேல் மற்றவருக்கு மதிப்பு இருந்தது. ஆனால் நோக்கம் வேறு வேறு.

விம்பர் செய்த முக்கியமான காரியம் ஏறியது அல்ல, உட்கார்ந்து பார்த்தது என்பேன். கிழக்குப் பக்கத்தை எல்லோரும் செர்மாட் மேட்டிலிருந்து நேருக்கு நேர் பார்த்தார்கள். எந்தச் சரிவையும் நேர் எதிரே நின்று பார்த்தால் அது இருப்பதைவிடச் செங்குத்தாகத் தெரியும். விம்பர் சுற்றிப் போய், ஸ்முட் பனியாற்றுப் பக்கத்திலிருந்து அதைப் பக்கவாட்டில் பார்த்தார். சாய்வு 40 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தில் ஆண்டு முழுதும் சில இடங்களில் பனி தங்கியிருந்தது. உண்மையிலேயே செங்குத்தாக இருந்தால் பனி எப்படித் தங்கும்?

அடுத்து அவர் பாறை அடுக்குகளைக் கவனித்தார். மேட்டர்ஹார்னின் அடுக்குகள் மட்டமாக இல்லை, தென்மேற்காக, அதாவது இத்தாலியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியப் பக்கம் ஏறுபவருக்கு ஒவ்வொரு பாறைத் தட்டும் அந்த ஓடுகளைப்போல வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கால் வைத்தால் வழுக்கும், கையால் பிடிக்க விளிம்பு கிடைக்காது. எதிர்ப்பக்கம் அதே அடுக்குகளின் உடைந்த ஓரங்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அங்கே கால் வைத்தால் மலையே தாங்கிக்கொள்ளும். ஆக, ஏறலாம்போல் தெரிந்த பக்கம் கடினம், ஏறவே முடியாது என்று தெரிந்த பக்கம் சுலபம். விம்பரின் கணக்கு இதுதான்.

1865 ஜூலையில் விம்பர் புரூய்க்கு வந்தபோது, கரேல் ஏற்கெனவே வேறு ஆட்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1863ல் தூரினில் தொடங்கிய இத்தாலிய ஆல்பைன் சங்கத்துக்காரர்கள், புதிதாக ஒன்றுசேர்ந்த தங்கள் நாட்டின் பெருமையாக இந்தச் சிகரம் இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். கரேலின் குழு கிளம்பிவிட்டது என்று விம்பருக்கு 11ஆம் தேதி தெரிந்தது. கூடப் போக ஒரு வழிகாட்டி இல்லை, சுமை தூக்க ஆள் இல்லை.

அப்போது தியோடுல் கணவாய் வழியாக 18 வயது லார்ட் பிரான்சிஸ் டக்ளஸ் வந்து சேர்ந்தார். இருவரும் மறுநாள் கணவாயைக் கடந்து செர்மாட் போய், பீட்டர் டவுக்வால்டர் என்ற வழிகாட்டியையும் அதே பெயர் கொண்ட அவர் மகனையும் அமர்த்திக்கொண்டார்கள். அதே நேரம் செர்மாட்டில் சார்லஸ் ஹட்சன் என்ற பாதிரியாரும் இருந்தார். 1855ல் டூஃபூர்ஷ்பிட்சேயில் முதலில் ஏறியவர்களில் அவரும் ஒருவர். அவரோடு வந்தவர்கள் ஹேடோ என்ற 19 வயது இளைஞரும், ஷாமோனியின் பெயர்பெற்ற வழிகாட்டி மிஷேல் குரோவும். இரண்டு தனிக் குழுக்கள் ஒரே மலைக்குப் போவானேன் என்று ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். ஒரே மாலையில் முடிவான கூட்டணி அது. ஹேடோவுக்கு அனுபவம் மிகக் குறைவு என்பது பின்னால் பெரிய கேள்வியானது.

13ஆம் தேதி காலை கிளம்பி, சுமார் 3,350 மீட்டரில் இரவு தங்கினார்கள். 14ஆம் தேதி விடியற்காலை ஏறத் தொடங்கியதுமே விம்பரின் கணக்கு சரி என்று தெரிந்துவிட்டது. ஹெர்ன்லி முகடும் கிழக்குப் பக்கமும் பெரும்பகுதிக்குக் கயிறே தேவைப்படாத அளவுக்கு எளிதாக இருந்தன. உச்சிக்குக் கொஞ்சம் கீழே மட்டும் முகடு மிகவும் செங்குத்தாகிவிட, வடக்குப் பக்கமாக ஒதுங்கி ஏறவேண்டி வந்தது. சாய்வு அதிகமில்லை. ஆனால் அங்கே படிகள் முடிந்துவிட்டன. வழுவழுப்பான பாறை, மேலே மெல்லிய பனி, சில இடங்களில் கண்ணாடி மாதிரி உறைபனி. அதையும் கடந்து மதியம் 1:40க்கு உச்சியில் நின்றார்கள். எட்டிப் பார்த்தால், இத்தாலியப் பக்கம் வெகு கீழே கரேலின் குழு. கத்தியும் கல்லை உருட்டியும் தாங்கள் மேலே இருப்பதைத் தெரிவித்தார்கள். குரோ தன் மேல்சட்டையைக் கூடாரக் கம்பில் கட்டிக் கொடியாக்கினார். அது புரூயிலிருந்து தெரிந்தது. கரேல்தான் ஜெயித்தார் என்று நினைத்து ஊரே மகிழ்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கத் தொடங்கினார்கள். முன்னால் குரோ, அடுத்து ஹேடோ, ஹட்சன், டக்ளஸ், பெரிய டவுக்வால்டர், விம்பர், கடைசியில் மகன் டவுக்வால்டர். ஏழு பேரும் கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஏறும்போது சிரமம் தந்த அதே வடக்குப் பக்கச் சரிவு. குரோ தன் பனிக்கோடரியை ஓரமாக வைத்துவிட்டு, ஹேடோவின் பாதங்களைக் கையால் பிடித்து ஒவ்வொரு பிடிப்பிலும் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பும் வேளையில் ஹேடோ வழுக்கி அவர்மீதே விழுந்தார். இருவரும் சரிய, அந்த இழுப்பில் ஹட்சனும் டக்ளஸும் போனார்கள். மேலே இருந்த மூவரும் பாறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். டவுக்வால்டருக்கும் டக்ளஸுக்கும் நடுவில் கயிறு அறுந்தது. நால்வரும் சுமார் 1,200 மீட்டர் கீழே மேட்டர்ஹார்ன் பனியாற்றில் விழுந்தார்கள்.

அறுந்த கயிறு அவர்களிடம் இருந்தவற்றில் மெல்லியது, பழையது. உதவிக்காக எடுத்துவந்தது, ஆளோடு ஆளைக் கட்ட அல்ல. உறுதியான கயிறு கைவசம் இருந்தும் அந்த இடத்தில் இது வந்தது எப்படி? டவுக்வால்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டிவிட்டார் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. செர்மாட்டில் நடந்த விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்று முடிவு செய்தது. அந்தப் பேச்சு அநியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். வெட்ட நினைத்தாலும் அதற்கு நேரம் இருந்திருக்காது. தாங்காத கயிறு தாங்காமல் போனது, அவ்வளவுதான். மூவரின் உடல்கள் கிடைத்தன. டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அறுந்த கயிற்றைச் செர்மாட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மூன்று நாள் கழித்து, 17ஆம் தேதி, கரேல் மறுபடி கிளம்பி லயன் முகடு வழியாக உச்சியை அடைந்தார். கூட உச்சிக்குப் போனவர் ழான் பத்தீஸ்த் பிஷ். குழுவிலிருந்த பாதிரியார் அமே கொர்ரேயும், மேனே என்பவரும் உச்சிக்குப் பக்கத்தில் வந்தும் ஏறாமல் நின்றுவிட்டார்கள். ஓர் இடத்தில் இறங்கிய பிறகு திரும்பி ஏற, மேலே யாராவது கயிற்றோடு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக உச்சியையே விட்டுக்கொடுத்தார்கள். இந்த மலையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செயல் அது. கரேல் கடைசிவரை வழிகாட்டியாகவே வாழ்ந்தார். 1890ல் புயலில் சிக்கிய தன் குழுவைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அதே மலையின் அடியில் களைப்பால் இறந்தார்.

வழி தெரிந்த பிறகு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். 1871ல் லூசி வாக்கர் உச்சியை அடைந்த முதல் பெண்ணானார். அதே கோடையில் அமெரிக்காவைச் சேர்ந்த மெட்டா பிரெவோர்ட் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினார். ஸ்முட் முகட்டில் 1879ல் ஆங்கிலேய மலையேறி மம்மரியின் குழு ஏறியது. ஃபுர்கன் முகட்டில் 1911ல் ஏறி முடித்தார்கள்.

வடக்குச் சுவர் 1931 வரை காத்திருந்தது. ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம், வெயில் அதிகம் படாத பனிப்பாறை, மேலிருந்து விழும் கற்கள். ஃபிரான்ட்ஸ் ஷ்மிட், டோனி ஷ்மிட் என்ற சகோதரர்கள் மியூனிக்கிலிருந்து சைக்கிளிலேயே செர்மாட் வந்து, ஜூலை 31, ஆகஸ்ட் 1 ஆகிய இரு நாட்களில் அதை ஏறி முடித்தார்கள். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மலையேற்றத்துக்கான பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குள் டோனி வேறொரு மலையில் விழுந்து இறந்திருந்தார். 1965 பிப்ரவரியில் இத்தாலியரான வால்டர் பொனாட்டி, நடுக்குளிர்காலத்தில், தன்னந்தனியாக, அதே சுவரில் நேராக ஒரு புதுவழி போட்டார்.

இன்று உச்சிக்குப் போகும் பெரும்பாலோருக்கு ஹெர்ன்லி முகடுதான் வழி. 3,260 மீட்டரில் உள்ள ஹெர்ன்லி ஹட்டில் இரவு தங்கி, விடிவதற்கு முன்பே தலைவிளக்கோடு கிளம்புவார்கள். 4,003 மீட்டரில் சோல்வே ஹட் என்ற சின்ன மரக்குடில், அவசரத்துக்கு மட்டும். உச்சிக்கு முந்தைய கடினமான பகுதியில் தடிமனான கயிறுகள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. கயிறு இருக்கிறதே என்று இதை எளிய மலையாக எண்ணிவிடக் கூடாது. ஏற்றம் ஒருவழிக்கு 1,200 மீட்டர், பாறை பல இடங்களில் தளர்ந்து கிடக்கிறது, இறங்க எடுக்கும் நேரம் ஏறும் நேரத்துக்குக் குறையாது. வழிகாட்டிகள் ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் அழைத்துப் போவார்கள். 1865லிருந்து 500க்கும் மேற்பட்டவர்கள் இந்த மலையில் இறந்திருக்கிறார்கள்.

தளர்ந்த பாறை என்றேன். அதற்கு இப்போது ஒரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. இந்த உயரத்தில் பாறை விரிசல்களுக்குள் இருக்கும் நீர் ஆண்டு முழுதும் உறைந்தே இருக்கும். அந்த உறைபனி பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கிறது. கோடை வெப்பம் கூடினால் அது ஆழம் வரை இளகும், பிணைப்பு விட்டுப்போகும். 2003ல் ஐரோப்பா முழுக்கக் கொளுத்திய கோடையில், ஜூலை மாதம், ஹெர்ன்லி முகட்டின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மேலே மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். 2008 முதல் சுவிஸ் ஆய்வாளர்கள் அந்த இடத்தைச் சுற்றி உணர்கருவிகள் வைத்து, விரிசல்களின் அகலத்தையும் பாறையின் வெப்பநிலையையும் அளந்துவருகிறார்கள். இன்னொரு குழு உச்சியில் நில அதிர்வுமானி பொருத்திப் பார்த்தபோது, மேட்டர்ஹார்ன் முழுவதும் இரண்டு விநாடிக்குச் சற்று மேல் ஒரு தடவை என்ற வேகத்தில் இடைவிடாமல் அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது. கண்ணுக்கோ காலுக்கோ தெரியாத மிக நுண்ணிய அசைவு. ஆனால் அடிவாரத்தைவிட உச்சியில் அது 14 மடங்கு வரை பெரிதாகிறது. பாறை எப்படித் தளர்கிறது என்று புரிந்துகொள்ள இந்த அளவுகள் உதவும்.

ஏறும் எண்ணம் இல்லாதவர்களும் இந்த மலையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். செர்மாட்டிலிருந்து 1898ல் தொடங்கிய ரயில் 3,089 மீட்டரில் உள்ள கோர்னர்கிராட் வரை போகிறது. அங்கே கிழக்குப் பக்கம் நேர் எதிரே நிற்கும், விம்பருக்கு முன் எல்லோரையும் ஏமாற்றிய அதே கோணத்தில். நடக்கத் தெம்பு இருந்தால், கேபிள் காரில் ஷ்வார்ட்ஸே வரை போய், அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம் ஏறி ஹெர்ன்லி ஹட்டுக்கே போய்விடலாம். கோடையில் மட்டும், நல்ல காலணியோடு, மதியத்துக்கு முன் திரும்பும்படி திட்டமிட்டுப் போவது நல்லது. பிற்பகலில் மேகம் கூடி இடிமழை வருவது அங்கே வழக்கம்.